கல்லின் காலமும் சொல்லின் காலமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கல்லில் எழுதப்பட்டதைப் படிப்பது தமிழாய்வில் ஒரு தனித்துறையாக வளர்ந்து நிற்கிறது. எழுத்தின் வடிவம், மன்னனின் மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு, கோள்நிலைக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு கல்வெட்டின் காலத்தைத் துணிகின்றனர் அறிஞர். அந்த எழுத்தைச் சுமந்து நிற்கும் கல்லுக்கு என்ன வயது என்னும் கேள்வி தமிழ் அவைகளில் எழுவதில்லை. எழுந்தால் அதற்கும் விடை உண்டு. கல்வெட்டுக்கு ஆயிரம் ஆண்டு என்றால், அதைத் தாங்கும் கல்லுக்கு 250 கோடி ஆண்டு இருக்கக்கூடும். கல்லினுள் அடங்கிய கதிரியக்கத் தனிமங்களிலிருந்து அவ்வயதைக் கணக்கிட்டுவிடலாம். அந்த முறை யாது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதே இவ்வுரையின் பொருள். எதைச் சொல்லாது என்னும் பகுதி தமிழ்ப் புலவருக்குச் சிறப்பாக வேண்டப்படுவது. ஏனெனில் கல்லின் வயதைத் தமிழின் வயதாக மாற்றிப் பேசும் வழக்கம் நம் மேடைகளில் வேரூன்றியுள்ளது.

சென்னையை அடுத்த பல்லாவரத்துக் குன்றிலிருந்து தொடங்குவது பொருத்தம். அப்பகுதியிலிருந்து வெட்டிச் சென்ற கரும்பாறை ஒன்று 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவை அடைந்தது. அந்நகரை நிறுவியவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட ஆங்கில வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு அது மூடுகல்லாயிற்று. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893இல், இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அக்கல்லை ஆராய்ந்து, ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் பொருந்திய தனிவகைப் பாறை அது என்று கண்டார். சார்னோக்கைட் என்று அதற்குப் பெயரிட்டார். 1900இல் அவ்வினப் பாறைகளைப் பற்றி விரிவான நூலும் வெளியிட்டார். பிறந்த மண் பல்லாவரம். பெயரோ கல்கத்தாவில் மாண்டவருடையது. நம் மக்கள் இவ்வேறுபாடு எதிலும் தலையிடாமல் அதனைக் கருங்கல் என்றே சொல்லி வந்துள்ளனர்.

இவ்வகைப் பாறை பல்லாவரத்தோடு நிற்கவில்லை. நீலகிரி, சேர்வராயன் மலை, கொடைக்கானல், நாகர்கோவில், குமரிமுனை என நீண்டு, கடல் தாண்டி இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்டிக்காவிலும் காணக்கிடக்கிறது. கண்ணுக்கு எல்லாம் ஒரே தோற்றம். எண்ணெய் பூசினாற்போன்ற கரும்பச்சைப் பளபளப்பு. நுண்ணோக்கியில் வைத்தாலும் கனிமங்கள் ஏறத்தாழ அவையே. ஆகவே இவை அனைத்தும் ஒரே காலத்தில் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்று கருதுவது இயல்பு. நெடுங்காலம் அவ்வாறே கருதவும்பட்டது. அந்தக் கருத்தை உடைத்தது ஐசோடோப்பு.

இச்சொல்லின் பிறப்பை இலக்கிய அவை அறிந்துகொள்வது தகும். ஒரே தனிமத்தின் அணுக்களுள் எடை வேறுபட்டவை உண்டு; தனிம அட்டவணையில் அவை யாவற்றுக்கும் இடம் ஒன்றே. இதனைக் கண்ட வேதியியலறிஞர் பிரெடரிக் சாடி பெயர் தேடிக்கொண்டிருந்தபோது, கிரேக்கத்தில் 'ஒரே இடம்' என்று பொருள்படும் இச்சொல்லை 1913இல் எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட். அவர் மருத்துவர், நாவலாசிரியையும்கூட. அணுவியலின் அடிப்படைச் சொற்களுள் ஒன்று ஒரு கதாசிரியையின் கொடை. தமிழில் ஓரிடத்தான் என்று அழகாகவே பெயர்த்துள்ளனர். எனினும் பாடநூல்களில் பழகிப்போன ஐசோடோப்பு என்னும் வடிவமே இங்கு கையாளப்படுகிறது.

சில ஐசோடோப்புகள் நிலையற்றவை. அவை சிதைந்து வேறு தனிமமாகின்றன. வெப்பமோ அழுத்தமோ வேதிவினையோ அச்சிதைவின் வேகத்தை நிலவியல் கணக்குக்கு வேண்டிய அளவில் மாற்றுவதில்லை. யுரேனியம் 238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டு ஆகும்; முடிவில் அது ஈயம் 206 ஆகிறது. யுரேனியம் 235க்கு 70 கோடி ஆண்டே போதும். அதன் முடிவு ஈயம் 207. ருபீடியம் 87 ஸ்ட்ரான்சியமாக மாறுவதற்கும், சமாரியம் 147 நியோடிமியமாக மாறுவதற்கும் அரைவாழ்வு இவற்றினும் மிக நீண்டது. முன்னதற்கு ஏறத்தாழ 5,000 கோடி, பின்னதற்கு 10,600 கோடி ஆண்டு. தாய்த் தனிமம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது, சேய் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் எத்தனை காலம் கடந்தது என்பது வகுத்தல் கணக்காகிவிடும்.

சொல்வதற்கு எளிது; செய்தவர் பட்ட பாடு பெரிது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெல்வின் பிரபு புவியின் வயதை 2 முதல் 4 கோடி ஆண்டுக்குள் அடக்கிவிட்டிருந்தார். அவர் சொல்லை மீறத் துணிந்தோர் சிலரே. 1911இல் ஆர்தர் ஹோம்ஸ் என்னும் இளைஞர் பாறைகளிலுள்ள யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்து வயதுகளை வெளியிட்டார். அவர் பட்டியலில் மிகத் தொன்மையானது இலங்கைப் பாறை. அதற்கு அவர் தந்த வயது ஏறத்தாழ 160 கோடி ஆண்டு. ஐசோடோப்பு என்னும் கருத்தே அப்போது பிறக்கவில்லையாதலின் அவ்வெண்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. எனினும் கெல்வின் கட்டிய வேலி அன்றே சாய்ந்தது. 1956இல் கிளேர் பாட்டர்சன் விண்கற்களின் ஈயத்தைக் கொண்டு புவியின் வயது 455 கோடி ஆண்டு என்று நிறுவினார். அந்த எண் இன்றும் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது.

இனி, நம் பொருளுக்கு இன்றியமையாத கனிமம் ஒன்றைச் சற்று விரிவாகக் காணவேண்டும். சிர்கான் என்பது அதன் பெயர். மணிவகைகளுள் இதுவும் ஒன்று. நிறமற்ற சிர்கானை மாத்தறை வைரம் என்று இலங்கையில் விற்றதுண்டு. 1789இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் கிளாப்ரோத் இலங்கையிலிருந்து சென்ற சிர்கானிலிருந்தே சிர்கோனியம் என்னும் புதுத் தனிமத்தை இனங்கண்டார். பாறையில் இருப்பதோ பெரும்பாலும் மணலினும் நுண்ணிய துகள். பாறைக்குழம்பு குளிர்ந்து சிர்கான் படிகமாகும்போது யுரேனியத்தைத் தன் அமைப்புக்குள் ஏற்றுக்கொள்கிறது, ஈயத்தை ஏற்பதில்லை. எனவே இன்று ஒரு சிர்கானுக்குள் ஈயம் இருக்குமாயின் அதில் பெரும்பகுதி யுரேனியம் சிதைந்து உண்டானது. மேலும், ஒரே துகளுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று 238இன் வழி, மற்றொன்று 235இன் வழி. வேகம் வேறான இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் அத்துகளிலிருந்து ஈயம் வெளியேறவில்லை என்பது உறுதி. இரண்டும் வேறுபட்டால் இடையில் ஏதோ நேர்ந்துள்ளது என்பதும், சில வேளைகளில் அது எப்போது நேர்ந்தது என்பதும் தெரியவரும். தனித்தனியே விசாரிக்கப்பட்ட இரு சாட்சிகளின் மொழி ஒத்திருப்பதைப் போன்றது இது. வரலாற்று ஆய்வில் இத்தகைய வாய்ப்பு எத்துணை அரிது என்பதை அவையோர் அறிவர்.

சிர்கானுக்கு அழிவு எளிதில் வருவதில்லை. மலை தேய்ந்து மணலானாலும் அது தேயாது. மணல் இறுகி மீண்டும் பாறையாகிப் பூமிக்குள் ஆழ்ந்து வெந்தாலும் பெரும்பாலும் கரையாது. ஆனால் வெந்த ஒவ்வொரு முறையும் தன் மேல் புதிதாக ஒரு படலத்தைச் சேர்த்துக்கொள்ளும். துகளைக் குறுக்கே தேய்த்து மின்கற்றையின் ஒளிர்வில் நோக்கினால் நடுவில் கருவும் அதைச் சுற்றி விளிம்புகளும் தெளிவாகத் தெரியும். கருவுக்கு ஒரு வயது. ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு வயது. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் காம்ஸ்டன் குழுவினர் உருவாக்கிய கருவி, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவான புள்ளியை மட்டும் அயனிக்கற்றையால் தாக்கி, அங்குள்ள ஈயத்தையும் யுரேனியத்தையும் எண்ணவல்லது. கருவை விளிம்பிலிருந்து பிரித்து வயது சொல்ல அதனால் இயன்றது. அக்கருவிக்கு அளவுகோலாக வைக்கப்பட்ட மணிகளுள் ஒன்று இலங்கைச் சிர்கான். அதன் வயது ஏறத்தாழ 57 கோடி ஆண்டு. இந்த எண்ணை நினைவில் வைப்பது நன்று, மீண்டும் வரவிருக்கிறது.

தமிழாய்வாளருக்குக் கருவும் விளிம்பும் புதியன அல்ல. ஓர் ஏட்டுச்சுவடி கையில் கிடைத்தால், அவ்வோலை எழுதப்பட்ட காலம் ஒன்று, அதிலுள்ள நூல் இயற்றப்பட்ட காலம் ஒன்று, அந்நூல் தனக்கு மூலமாகக் கொண்ட கதை வழங்கிய காலம் ஒன்று என்று பிரித்துப் பார்ப்பது அவர் கடமை. ஓலையின் காலத்தை நூலின் காலமாகச் சொன்னால் பிழை. உரையாசிரியரின் காலத்தை மூலத்தின் காலமாகச் சொன்னாலும் பிழை. பாறைக்கும் இவ்வாறே மூன்று வினாக்கள் உண்டு. கடைசியாக வெந்து ஆறியது எப்போது? குழம்பாயிருந்து முதலில் உறைந்தது எப்போது? அக்குழம்பின் பொருள் பூமியின் உள்ளடுக்கை விட்டுப் பிரிந்தது எப்போது? முதல் இரண்டு வினாக்களுக்குச் சிர்கானின் விளிம்பும் கருவும் விடை தருகின்றன. மூன்றாவதற்கு நியோடிமியம் வேண்டும்.

பூமியின் மேலோட்டுக்குக் கீழே கவசம் என்னும் பெரும்பகுதி உள்ளது. அது சிறிதளவு உருகி மேலெழும்போது, உருகிய பகுதிக்குள் சமாரியத்தைக் காட்டிலும் நியோடிமியம் கூடுதலாகச் சேர்கிறது. ஆகவே மேலோட்டுப் பாறையில் தாய் குறைவு. காலப்போக்கில் சேயின் பெருக்கமும் குறைவு. கவசத்தில் நியோடிமியம் 143இன் விகிதம் விரைந்து ஏற, மேலோட்டில் மெல்ல ஏறுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், இரண்டும் ஒன்றாயிருந்த காலம் தெரிந்துவிடும். 1976இல் டிபாலோ, வாசர்பர்க் என்னும் இருவர் இம்முறைக்கு அடிகோலினர். இதன் சிறப்பு, பாறை பிற்காலத்தில் வெந்தாலும் நசுங்கினாலும் சமாரியமும் நியோடிமியமும் எளிதில் பிரிந்து போவதில்லை என்பது. வேதியியலில் அவை உடன்பிறந்தவை போன்றவை. வேறு வேறு மூலங்கள் கலந்துவிட்டால் மட்டும் விடை இடைப்பட்ட எண்ணாக வந்து ஏமாற்றும். ஆதலால் இதனைப் பிறந்த நாள் என்று கொள்ளாது, குலம் காட்டும் அடையாளம் என்று கொள்வதே முறை.

இம்முறைகளைத் தென்னாட்டுக் கருங்கல்லின்மேல் செலுத்தியபோது கிடைத்த விடை வியப்பளிப்பது. பல்லாவரத்துச் சார்னோக்கைட் உறைந்தது ஏறத்தாழ 255 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதன்பின் சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே அது ஆழத்தில் வெந்து இன்றைய வடிவை எய்திவிட்டது. நாகர்கோவில் பகுதியின் சார்னோக்கைட்டோ கருவில் 200 கோடியை ஒட்டிய வயதைக் காட்டுகிறது. விளிம்பில் ஏறத்தாழ 55 கோடி. ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே கனிமம். ஆனால் பிறப்பும் வளர்ப்பும் வேறு. வடபாற் பாறைகள் முதிர்ந்து அடங்கிவிட்ட பிறகு நெடுங்காலம் சென்று, தென்பாற் பாறைகள் மீண்டும் ஒருமுறை உலையில் இடப்பட்டன.

இவ்விரு நிலங்களுக்கும் எல்லை எது? பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிழக்கே காவிரிப் பக்கமாக, பாறைகள் நசுங்கி இழுபட்ட அகன்ற பட்டை ஒன்று செல்கிறது. அதுவே எல்லை என்று பலகாலம் கொள்ளப்பட்டது. பின்னர் மதுரைப் பகுதியின் வடபாலிலும் 250 கோடி ஆண்டுச் சிர்கான்கள் கிடைக்கவே, எல்லை இன்னும் தெற்கே, கரூரிலிருந்து கம்பம் வழியாகச் செல்லும் கோட்டில் உள்ளது என்று சிலர் வாதிட்டனர். வாதம் ஓயவில்லை. எது எவ்வாறாயினும், இன்று தமிழ் வழங்கும் இந்நிலம் கட்டப்பட்டது ஒரே கல்லால் அன்று என்பதில் ஐயம் எழவில்லை.

இலங்கையில் இவ்வாய்வு இன்னும் தெளிவான பயன் தந்தது. அத்தீவின் தொல்பாறைகளுள், திருகோணமலைப் பக்கமிருந்து கண்டி, நுவரெலியா வழியாகத் தென்மேற்கே செல்லும் உயர்நிலத் தொகுதி நடுவே உள்ளது. அதற்குத் தென்கிழக்கே விசயன் தொகுதி. உயர்நிலப் பாறைகள் மீண்டும் வெந்து உருமாறியவையே விசயன் பாறைகள் என்று ஒரு சாரார் கூறிவந்தனர். பார்வைக்கு அது பொருந்தியும் இருந்தது. 1988இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்களான மிலிசெண்டா, கிரோனர் முதலியோர் நியோடிமிய அளவைகளை வெளியிட்டனர். உயர்நிலத் தொகுதியின் பொருள் கவசத்தை விட்டுப் பிரிந்து 200 முதல் 300 கோடி ஆண்டு ஆகிறது. விசயன் தொகுதிக்கோ 100 முதல் 200 கோடிக்குள். மூத்ததை எத்தனை முறை வேகவைத்தாலும் அதன் குல அடையாளம் இளையதாக மாறாது. ஆகவே விசயன் பாறைகள் உயர்நிலத்தின் மறுபிறப்பு அல்ல. வேறொரு நிலம் வந்து ஒட்டிக்கொண்டது. மேற்கிலும் வடக்கிலும் உள்ள வன்னித் தொகுதியும் இவ்வாறே தனித்து அறியப்பட்டது. உயர்நிலத் தொகுதிக்கு உறவு கடலுக்கு இப்பால், தமிழகத்தின் தென்கோடியிலும் தென்கேரளத்திலும் உள்ளது.

வந்து ஒட்டியது எப்போது? இங்கேதான் அந்த 57 கோடி மீண்டும் வருகிறது. குமரிப் பகுதியிலும் இலங்கையிலும் தென் மடகாஸ்கரிலும், ஜப்பானியரின் சியோவா நிலையம் அமைந்துள்ள அண்டார்டிக்கக் கரையிலும், சிர்கானின் விளிம்புகள் 57 முதல் 52 கோடிக்கு இடைப்பட்ட வயதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தனித்தனியே மிதந்த நிலங்கள் மோதி ஒட்டி, கோண்டுவானா என்னும் பெருங்கண்டமாகிய காலம் அது. மோதிய இடத்தில் எழுந்த மலைகளின் அடிவயிற்றில் வெந்த பாறைகளே இன்று இந்நாடுகளின் தரைமேல் கிடக்கின்றன. மேலிருந்தது முழுதும் தேய்ந்து கடலுக்குப் போயிற்று.

பிரிந்ததற்கும் நாள் உண்டு. கருநாடகத்தில் உடுப்பிக்கு அருகேயுள்ள செயின்ட் மேரி தீவுகளில் தூண்தூணாக நிற்கும் எரிமலைப் பாறைகளின் வயது ஏறத்தாழ 9 கோடி ஆண்டு. மடகாஸ்கரிலும் அதே காலத்து எரிமலைப் பாறைகள் பரந்து கிடக்கின்றன. இந்தியாவும் மடகாஸ்கரும் அறுந்து விலகியபோது பீறிட்ட குழம்பு அது.

கோண்டுவானா என்றதும் அவையில் பலருக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வந்திருக்கும். அதைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது.

1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலறிஞர், லெமூர் என்னும் விலங்கினம் மடகாஸ்கரில் மிகுந்திருப்பதையும் அதன் உறவினங்கள் இந்தியாவிலும் காணப்படுவதையும் விளக்க, இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று கருதி லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்கள் நகரும் என்பது அறியப்படாத காலம் அது. சில பத்தாண்டுகளில் இப்பெயர் தமிழறிஞர் கைக்கு வந்தது. பாண்டியர் இழந்த நிலத்தோடு இணைந்தது. நகரும் கண்டங்களின் கொள்கை நிலைபெற்றபின் நிலவியலார் லெமூரியாவைக் கைவிட்டனர். தமிழ் மேடை கைவிடவில்லை.

2013இல் இதற்குப் புத்துயிர் கிடைத்தாற்போலத் தோன்றியது. மொரீசியசுத் தீவு கடலடியிலிருந்து எழுந்த எரிமலைத் தீவு. அதன் மிகப் பழைய பாறைக்கும் வயது 90 இலட்சம் ஆண்டே. அத்தீவின் கடற்கரை மணலில் 66 கோடி முதல் 197 கோடி ஆண்டு வரை வயதுள்ள சிர்கான்கள் கிடைத்தன என்று நார்வேயைச் சேர்ந்த டார்ஸ்விக் குழுவினர் அறிவித்தனர். காற்றோ கப்பலோ காலணியோ கொண்டு சேர்த்த மணலாக இருக்கலாம் என்று மறுத்தோர் உண்டு, மறுப்பு முறையானதே. 2017இல் ஜொகனஸ்பர்க்கின் ஆஷ்வால், அதே டார்ஸ்விக் முதலியோர், மணலை விட்டுப் பாறையையே உடைத்துப் பார்த்தனர். 60 இலட்சம் ஆண்டுக்கும் குறைந்த வயதுள்ள எரிமலைப் பாறைக்குள் மூன்று சிர்கான் துகள்கள் 250 முதல் 300 கோடி ஆண்டு வயது காட்டின. தீவுக்கு அடியில் தொன்மையான கண்டத்துண்டு ஒன்று புதைந்து கிடக்கிறது. மேலெழுந்த குழம்பு அதைக் கிழித்து வரும்போது இத்துகள்களையும் அள்ளி வந்தது. மொரீசியா என்று அதற்குப் பெயரிடப்பட்டது. நாளிதழ்கள் 'மூழ்கிய கண்டம்' என்று எழுதின. குமரிக்கண்டம் மெய்ப்பிக்கப்பட்டது என்ற பேச்சு தமிழுலகில் உடனே பரவிற்று.

மெய்ப்பிக்கப்பட்டது எது என்று எண்களைக் கொண்டு நோக்க வேண்டும். மொரீசியா துண்டானது இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்திலும் அதையடுத்தும். கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. நம் மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கே வயது 3 இலட்சம் ஆண்டு. அத்துண்டு சிதறியபோது கேட்க ஒரு காதும் இல்லை, பாட ஒரு நாவும் இல்லை. மொரீசியசின் நாணயத்தாளில் தமிழெழுத்து இடம்பெற்றிருப்பது உண்மை. அந்தத் தமிழ் அங்குச் சென்றது கண்டத்தின் வழியே அன்று, பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஓட்டிய கப்பல்களின் வழியே.

இவ்விடத்தில் சிர்கானைப் படிக்கும் முறையையே இம்மரபின்மீதும் செலுத்திப் பார்ப்பது பயன் தரும். பாண்டியன் நிலத்தைக் கடல் கொண்டது என்னும் செய்தி கலித்தொகையிலும் சிலப்பதிகாரத்திலும் உள்ளது. ஆறும் மலையும் போயின என்பதற்கு மேல் அங்கு அளவு இல்லை. இது கரு. முச்சங்கங்களுக்கு 4440, 3700, 1850 என்று ஆண்டுக்கணக்குத் தருவது இறையனார் களவியல் உரை. இது முதல் விளிம்பு. கடல்கொண்ட நிலத்துக்கு எழுநூறு காவதம் என்று நீளமும் நாற்பத்தொன்பது நாடென்று தொகையும் தருவது, சிலப்பதிகாரம் தோன்றிப் பல நூற்றாண்டு கழித்து எழுந்த அடியார்க்குநல்லார் உரை. இது அடுத்த விளிம்பு. அதன்மேல் 19ஆம் நூற்றாண்டில் லெமூரியா படிந்தது; 21ஆம் நூற்றாண்டில் மொரீசியா. ஒவ்வொன்றுக்கும் காலம் வேறு, காரணம் வேறு. எல்லாவற்றையும் அரைத்துக் கலந்து ஒரே வயது கேட்டால் எந்தக் கடிகாரமும் பொய்யான இடைப்பட்ட எண்ணையே தரும். வெளிவிளிம்பு இளையது என்று காட்டிக் கருவையும் பொய்யென்று ஒதுக்குவார் செய்வதும் இதே பிழைதான். கருவைத் தனியே எடுத்து அதற்குரிய சாட்சிகளோடு விசாரிக்க வேண்டும்.

புறப்பொருள் வெண்பாமாலையின் கரந்தைப் படலத்து வெண்பா ஒன்றுக்கும் இதே கதி நேர்ந்தது. மறக்குடி ஒன்றின் தொன்மையையும் வீரத்தையும் உயர்த்திச் சொல்லும் பாட்டு அது. கல்லையும் மண்ணையும் பற்றி அதில் வரும் புனைந்துரையைத் துண்டித்தெடுத்து, உலகம் தோன்றும் முன்னரே தமிழ் தோன்றிவிட்டது என்பதற்குச் சான்றாக நிறுத்துகின்றனர். பாடிய ஐயனாரிதனார் அவ்வாறு கோரவில்லை. கல்லுக்கு 255 கோடி ஆண்டு என்பதை அறிந்த ஒருவர் அப்பாட்டை இன்னும் மகிழ்ந்து படிக்கலாம். அணியை அணியாகப் படிப்பதில் இழப்பொன்றும் இல்லை.

எனின், கடல்கொண்ட நிலத்துக்குரிய சாட்சி எது? ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், துருவப் பனி மிகுந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. தமிழகமும் இலங்கையும் அன்று ஒரே தரை. குமரிக்குத் தெற்கே மீனவர் நன்கறிந்த வாட்ஜ் பேங்க் என்னும் மேட்டின் ஆழங்குறைந்த பகுதிகளும் நிலமாகவே இருந்திருக்க வேண்டும். பனி உருகக் கடல் ஏறிற்று; ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய நிலையை ஒட்டி வந்து நின்றது. மக்கள் வாழ்ந்து, பார்த்துப் பின்வாங்கிய கடல்கோள் இதுவாக இருக்கலாம். கரையை மட்டும் அழித்த பிற்காலத்துப் பேரலையாகவும் இருக்கலாம். இதனைத் தீர்க்க யுரேனியம் உதவாது. அதன் நாழிகைவட்டில் இதற்கு மிகப் பெரியது. ஏறத்தாழ 5,730 ஆண்டு அரைவாழ்வுள்ள கரி 14 இதற்கு உரியது. அதற்கு வேண்டிய பொருளும் பாறை அன்று. ஆழங்குறைந்த கடலடிச் சேற்றில் புதைந்துள்ள சிப்பி, மரத்துண்டு, அடுப்புக்கரி ஆகியனவே. அவற்றை எடுத்த ஆழமும் உடன் குறிக்கப்படவேண்டும். அவற்றுக்கு அடியிலுள்ள கருங்கல்லை வெட்டியெடுத்துக் கேட்டால், நாகர்கோவில் கல் சொன்ன 200 கோடியை ஒட்டிய விடையே அங்கும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.